நாய்க்கு எந்தப் பழம் ஆகும்? ஒரு கேள்வியிலிருந்து ஐந்து பாடவேளைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தக் கிராமத்துப் பள்ளிக்குப் போனாலும் மதிய உணவு மணி அடிக்கும் நேரத்தில் மதிலோரம் இரண்டு மூன்று நாய்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அவற்றின் மேல் பிரியம். தட்டில் மீந்த சோற்றை, பையில் இருக்கும் பிஸ்கட்டை, வீட்டிலிருந்து கொண்டு வந்த பழத்தை அவற்றுக்குப் போடுகிறார்கள். பெரும்பாலான நாள்கள் எதுவும் நடப்பதில்லை. ஆனால் ஏதோ ஒரு நாள் ஒரு குழந்தையின் கையில் பல் பட்டுவிடுகிறது. அல்லது ஏதோ ஒரு வீட்டில் நாய்க்குட்டி தின்னக்கூடாததைத் தின்று நோயில் விழுகிறது.

"நாய்க்குச் சோறு போடாதே" என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. ஆனால் பிரியத்தைத் தடுப்பது கல்வியின் வேலை அல்ல. அந்தப் பிரியத்துக்கு அறிவைத் துணையாக்குவதே அதன் வேலை என்பது என் எண்ணம். ஆகவே ஏழாம் வகுப்பில் உணவும் ஊட்டச்சத்தும் பற்றிய பாடத்தை முடித்த பிறகு, "நாய்க்கு எந்தப் பழமும் காய்கறியும் ஆகும், எது ஆகாது?" என்ற ஒரே கேள்வியை வைத்து ஐந்து பாடவேளைகள் நடத்தினேன். அறிவியல், கணக்கு, தமிழ், சுகாதாரம் எல்லாம் அதற்குள் வந்தன. மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்புக்கு ஏற்ப நடத்திப் பார்க்கலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடவேளை: தெரிந்ததைத் தொகுத்தல்

மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் மூன்று பகுதிகள் வரைந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டு நாய் என்ன தின்கிறது, என்ன கொடுத்தாலும் தின்னாது, எதைக் கொடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வந்து சொல்லலாம்.

பட்டியல் நீளமாக வந்தது. மீன் தலை, பழஞ்சோறு, மரச்சீனிக்கிழங்கு, தேங்காய்ப் பூ, மட்டிப்பழம், சக்கப்பழம், கல்யாண வீட்டுப் பாயசம் வரை இருந்தது. "எங்க வீட்டு நாய் சக்கச்சுளை போட்டா முதல்ல ஓடி வரும் சார்" என்றான் ஒருவன். மூன்றாவது பகுதியில் மட்டும் அநேகமாக எல்லாக் குழுக்களும் ஒன்றிரண்டே எழுதியிருந்தன. கோழி எலும்பு தொண்டையில் குத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழத்திலும் காயிலும் நாய்க்கு ஆகாதவை உண்டு என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பட்டியலுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்பினேன். "நாய் விரும்பித் தின்றால் அது அதற்கு ஆகும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி, "நாம விரும்பித் திங்கறது எல்லாம் நமக்கு நல்லதா சார்? மிட்டாய் விரும்பித்தான் திங்கிறோம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் முதல் நாள் பாடம் முடிந்தது. நாய்க்கு இனிப்புச் சுவை தெரியும். இனிப்பாக இருப்பதெல்லாம் அதற்கு நல்லது என்று ஆகாது.

இரண்டாம் பாடவேளை: நாயின் உடல்

நமக்கு ஆகும் உணவு நாய்க்கு ஏன் ஆகாமல் போகிறது? இதற்கு விடை சொல்ல, உடல் அமைப்பை ஒப்பிட வேண்டும்.

முதலில் பற்கள். வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள். வளர்ந்த நாய்க்கு 42. எண்ணிக்கையைவிட வடிவம் முக்கியம். நம் கடைவாய்ப் பற்கள் அரைப்பதற்கானவை. நாயின் கன்னப் பற்களில் பெரும்பாலானவை கத்தரிபோல வெட்டுவதற்கானவை. அதனால் நாய் உணவை நன்றாக மென்று அரைப்பதில்லை, துண்டாக்கி விழுங்கிவிடுகிறது. மாங்கொட்டை, சக்கக்கொட்டை, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு இவையெல்லாம் நாய்க்கு ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும். அவை தொண்டையை அடைக்கும். தப்பி உள்ளே போனால் குடலை அடைக்கும்.

அடுத்து மாவுச்சத்து. நம் உமிழ்நீரில் அமைலேஸ் நொதி இருப்பதை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். நாயின் உமிழ்நீரில் அது இல்லை என்றே சொல்லலாம். கணையத்தில் சுரப்பதே அதற்குப் பயன்படுகிறது. 2013இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு ஒன்றை எளிமையாக்கிச் சொன்னேன். கணைய அமைலேஸை உருவாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகளே உள்ளன. நாயிடம் 4 முதல் 30 படிகள் வரை உள்ளன. மனிதரோடு வாழ்ந்து, மனிதர் போட்ட தானிய உணவைத் தின்று வந்த காலத்தில் நாய்க்கு வந்த மாற்றம் இது. நம் வீட்டு நாய் சோற்றையும் கிழங்கையும் செரிப்பதற்கு இதுவே காரணம். "அப்போ நாய் நம்ம சோத்தத் தின்னுதான் நாயாச்சா சார்?" என்று ஒருவன் கேட்டான். முழுக்க அப்படி இல்லை என்றாலும் கேள்வி சரியான திசையில் இருந்தது.

மூன்றாவது வைட்டமின் சி. நமக்குப் பழமும் காயும் கட்டாயம் வேண்டும். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். நாயின் கல்லீரல் அந்த வைட்டமினைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதனால் பழம் நாய்க்குக் கட்டாய உணவு அல்ல. கொடுத்தால் கொஞ்சம் நார்ச்சத்தும் நீரும் கிடைக்கும், அதற்குச் சுவையாகவும் இருக்கும், அவ்வளவுதான். இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார்கள்: கட்டாயம் இல்லாத ஒன்றைக் கொடுப்பதற்கு முன் அது பாதுகாப்பானதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், சந்தேகம் இருந்தால் கொடுக்காமல் விடுவதால் நாய்க்கு நட்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் பாடவேளை: வடசேரிச் சந்தையை வகுப்புக்குக் கொண்டு வருதல்

நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் பெற்றோருடன் போகும் மாணவர்கள் அங்கே பார்த்த பழங்கள், காய்கறிகள், கிழங்குகளின் பெயர்களை எழுதி வந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, படம் வரைந்து, தரையில் மூன்று வட்டங்களில் அடுக்கினோம். பச்சை வட்டம்: கொஞ்சமாகக் கொடுக்கலாம். மஞ்சள் வட்டம்: பக்குவம் செய்து, பார்த்துக் கொடுக்க வேண்டும். சிவப்பு வட்டம்: கொடுக்கவே கூடாது.

பச்சை வட்டத்தில் வந்தவை: தோல் உரித்த வாழைப்பழம், விதையும் தோலும் நீக்கிய தர்பூசணி, விதை எடுத்த பழுத்த பப்பாளி, கொட்டையும் தோலும் இல்லாத மாம்பழச் சதை, விதை நீக்கிய ஆப்பிள், கொய்யா, வெள்ளரிக்காய், கேரட், உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, சீனிக்கிழங்கு. எங்கள் பக்கம் கைதச்சக்கை என்று சொல்லும் அன்னாசியின் சதையும் சிறு துண்டாக இதில் சேரும். எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். நாய் ஒரு நாளில் பெறும் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதுபோன்ற தின்பண்டங்களிலிருந்து வரக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு.

மஞ்சள் வட்டத்தில்தான் நம் மாவட்டத்தின் உணவுகள் அதிகம் வந்தன. மரச்சீனிக்கிழங்கு அவற்றில் முதலாவது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் (1880-1885) இந்தப் பகுதியில் மரச்சீனிப் பயிர் ஊக்குவிக்கப்பட்டது என்பதை வரலாற்றோடு இணைத்துச் சொல்லலாம். பச்சை மரச்சீனியில் சயனைடை வெளிவிடும் சேர்மம் உண்டு. தோலை நீக்கி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும்போதுதான் அதில் பெரும்பகுதி போகிறது. நம் வீட்டுப் பெண்கள் கிழங்கு அவித்த தண்ணீரை ஏன் கொட்டுகிறார்கள் என்பதற்கு மாணவர்கள் அன்றைக்குத்தான் காரணம் கற்றார்கள். அந்த வடித்த தண்ணீரை நாய்க்கோ மாட்டுக்கோ ஊற்றக்கூடாது. தோலையும் பச்சைக் கிழங்கையும் அவற்றுக்கு எட்டும்படி போடக்கூடாது.

சேனையும் சேம்பும் வேகாமல் இருந்தால் நம் தொண்டையே அரிக்கும். கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற படிகங்களே காரணம். நாயின் வாயிலும் அதே எரிச்சல்தான். உருளைக்கிழங்கு வெந்திருந்தால் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சை நிறம் ஏறியதும் முளைவிட்டதும் கூடாது. தக்காளியில் பழுத்த சதை பரவாயில்லை. பச்சைக்காயும் செடியும் கூடாது. தேங்காய்ச் சதை சிறு துண்டு போதும். கொழுப்பு அதிகம் என்பதால் கூடினால் வயிற்றைக் கெடுக்கும். சக்கப்பழத்தில் கொட்டை, மடல், பால் எல்லாம் நீக்கிய சுளையில் சிறு துண்டு மட்டும். கொல்லாம்பழம் பொறுக்கும் பிள்ளைகளுக்கு அண்டியின் ஓட்டுப் பால் பட்டால் தோல் பொள்ளும் என்பது தெரியும். பச்சை அண்டியை நாய் கடித்தாலும் அதே புண் வாயில் வரும்.

சிவப்பு வட்டத்தில் வைத்தவை: திராட்சை, கிஸ்மிஸ், உள்ளி, பல்லாரி, பூண்டு, புளி, ஜாதிக்காய், எந்தப் பழத்தின் கொட்டையும். பழம் அல்லாதவற்றில் சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பும் இதில் சேரும். சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினை ஒரேயடியாகச் சுரக்கவைத்து இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாம் விரைவாக வெளியேற்றிவிடுகிறோம். நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். இப்போது கடைகளில் வெண்ணெய்ப்பழமும் கிடைக்கிறது. அதன் இலை, தோல், கொட்டை எல்லாம் தவிர்க்க வேண்டியவை. சதையிலும் கொழுப்பு அதிகம். ஆகவே அந்த அட்டையையும் சிவப்பு வட்டத்திலேயே வைத்தோம்.

2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் இரண்டு பழங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்று நம் கன்னியாகுமரி மட்டி வாழை. மற்றொன்று தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சை. இரண்டும் நமக்குப் பெருமை, இரண்டும் குழந்தைகளுக்கு நல்ல உணவு. நாய்க்கு மட்டும் ஒன்று பச்சை வட்டம், மற்றொன்று சிவப்பு வட்டம். ஒரே உணவு ஓர் உயிருக்கு ஊட்டமாகவும் இன்னோர் உயிருக்கு நஞ்சாகவும் இருக்கும் என்பதை விளக்க இதைவிட நல்ல சோடியைத் தேட வேண்டியதில்லை.

நான்காம் பாடவேளை: அளவும் ஐயமும்

அட்டைகளை அடுக்கிய மறுநாள் வகுப்பில் ஓர் எதிர்ப்பு எழுந்தது. "எங்க வீட்டுல சாம்பார் ஊத்தின சோறுதான் சார் போடுறோம். அதுல உள்ளியும் இருக்கு, புளியும் இருக்கு. எட்டு வருஷமா நாய் நல்லாத்தான் இருக்கு." இப்படிக் கேட்ட மாணவனைப் பாராட்டினேன். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், தான் கண்டதோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான் அறிவியல் மனப்பான்மை.

விடை அளவில் இருக்கிறது. நஞ்சா இல்லையா என்பதை அளவே தீர்மானிக்கிறது என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எடுத்துச் சொன்னார். உள்ளியில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நாய் தன் உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் உள்ளியை ஒரே நேரத்தில் தின்றால் பாதிப்பு ஏற்படுகிறது என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இதைக் கணக்காக மாற்றினோம்.

பள்ளித் தராசில் இருபது உள்ளியை நிறுத்துச் சராசரி பார்த்தார்கள். ஓர் உள்ளிக்கு 8 கிராம் வந்தது. 12 கிலோ எடையுள்ள நாய்க்கு 0.5 விழுக்காடு என்பது 60 கிராம். அதாவது ஏழு அல்லது எட்டு உள்ளி. 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு 10 கிராம். அதாவது ஒன்றேகால் உள்ளி. வளர்ந்த நாய் ஒரு கரண்டிச் சாம்பாரில் கிடக்கும் ஒன்றிரண்டு உள்ளியைத் தாங்கிவிடுகிறது. அதே கரண்டி குட்டிக்கு எல்லை தாண்டியதாகிவிடும். அந்த மாணவன் சொன்னதும் சரி, அட்டையில் எழுதியதும் சரி என்பது கரும்பலகையில் தெளிவானது. சின்ன அளவையும் நாள் தவறாமல் கொடுத்தால் பாதிப்பு சேரக்கூடும் என்பதையும், வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் உள்ளியின் இந்தக் குணம் போகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அறிகுறி உடனே தெரியாது. சில நாள்கள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சிரைப்பு, கருஞ்சிவப்பான சிறுநீர் என்று வெளிப்படும்.

திராட்சையின் கதை வேறு. இங்கே இப்படிக் கணக்குப் போட முடியாது. ஒரு நாய் நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. இன்னொன்று கொஞ்சம் தின்றே சிறுநீரகம் செயலிழந்து போகிறது. பல ஆண்டுகள் இதன் காரணம் புரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவில் விலங்கு நஞ்சு தகவல் மையத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். கேக் செய்யப் பயன்படும் டார்ட்டார் உப்பைத் தின்ற நாய்களுக்கும், புளியைத் தின்ற நாய்களுக்கும், திராட்சை தின்ற நாய்களுக்கு வருவது போன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. மூன்றுக்கும் பொதுவானது டார்டாரிக் அமிலம். திராட்சையின் வகையையும் பழுத்த நிலையையும் பொறுத்து அந்த அமிலத்தின் அளவு மாறும் என்பதால், ஒரு நாய்க்கு ஆனதும் இன்னொன்றுக்கு ஆகாததும் விளங்குகிறது.

இந்த நிகழ்வை நான் விரிவாகவே சொன்னேன். காரணம், அறிவியலில் ஒரு விடை எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. வேறு வேறு இடங்களில் நடந்த நிகழ்வுகளைக் குறித்து வைத்து, அவற்றுக்குள் பொதுவானது எது என்று தேடியிருக்கிறார்கள். நம் சமையலில் புளி இல்லாத நாள் குறைவு என்பதால் இது நமக்கு நேரடியாகவே தொடர்புடையது. திராட்சையில் இருப்பதைப் போலப் பல மடங்கு டார்டாரிக் அமிலம் புளியில் உண்டு. குழம்பில் கரைந்திருக்கும் கொஞ்சம் புளி வேறு, புளியம்பழத்தையோ புளி உருண்டையையோ நாய் தின்றுவிடுவது வேறு. புளி உலுக்கிக் காயப்போடும் மாசி, பங்குனி மாதங்களில் முற்றத்தில் குட்டிநாய் இருக்கும் வீட்டார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எனவே இரண்டு விதிகள் எழுதினோம். அளவு தெரிந்த பொருளுக்குக் கணக்குப் பார்த்து எச்சரிக்கையாக இருப்போம். அளவு நாய்க்கு நாய் மாறும் பொருளை அறவே தவிர்ப்போம்.

அன்று பாடவேளை முடியும் நேரத்தில் ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். அவள் வளர்த்த குட்டி முந்தைய ஆண்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகி இரண்டே நாளில் இறந்துவிட்டதாம். "நான் பாயசத்துல கெடந்த கிஸ்மிஸ் குடுத்தேன் சார். அதனாலதான் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். இப்படிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். குட்டிகள் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டு சாவதற்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் மிகப் பரவலான காரணம் என்பதையும், குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் அதைத் தடுக்கும் என்பதையும் சொன்னேன். ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் சொன்னேன். மருத்துவர் பார்த்திராத நிலையில் யாரும் அவள்மேல் பழி போட முடியாது. அவளும் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். அவள் அனுமதியுடன், பெயர் சொல்லாமல், மறுநாள் இதே கேள்வியை வகுப்பில் வைத்துப் பேசினோம். காரணம், தொடர்பு என்ற இரண்டு சொற்களின் வேறுபாடு அந்த வகுப்புக்கு இனி மறக்காது.

ஐந்தாம் பாடவேளை: பள்ளியில் என்ன செய்வது?

கற்றது நடத்தையாக மாற வேண்டும். கடைசிப் பாடவேளையில் மூன்று செய்திகளைப் பேசினோம்.

முதலாவது, தெருநாய்க்கு உணவு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடங்களிலிருந்து விலகியும், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் நேரத்தைத் தவிர்த்தும் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பள்ளி வளாகம் அதற்கான இடமே அல்ல. உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதை அரசியலமைப்பின் 51அ பிரிவு அடிப்படைக் கடமையாகச் சொல்கிறது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. எங்கள் வகுப்பு எடுத்த முடிவு இது: மீந்த உணவு மூடியிட்ட வாளிக்குப் போகும், அங்கிருந்து தோட்டத்து உரக்குழிக்குப் போகும். வளாகத்தில் நாய்க்கு எதுவும் வைப்பதில்லை. நாய்க்குக் கோடையில் தண்ணீர் வேண்டும் என்ற பிள்ளைகளின் விருப்பப்படி, பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெரியவர் தம் வீட்டு வாசலில் தொட்டி வைக்க ஒப்புக்கொண்டார். வாளிக்கு மூடி வந்த பிறகு மதிலோரம் காத்து நிற்கும் நாய்கள் குறைந்தன.

இரண்டாவது, நாய் கடித்தாலும் நகம் பட்டாலும் செய்ய வேண்டியவை. புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் பூசக்கூடாது. சிறு கீறல்தானே என்று மறைக்காமல் உடனே பெரியவரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி முறையில் தடுப்பூசி முதல் நாளும், பிறகு 3, 7, 28ஆம் நாள்களிலும் போடப்படுகிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. அதற்கு முன் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டார். அவர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இந்தப் பணிக்காகவே உருவானது. அந்த நாளையொட்டி இந்தப் பாடத்தை நடத்துவது பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது, வளர்ப்பு நாய் ஆகாததைத் தின்றுவிட்டால் செய்ய வேண்டியவை. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை எவ்வளவு என்ற நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனையை அணுக வேண்டும். கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீரை ஊற்றுவது பழக்கத்தில் உண்டு. உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும் என்பதால் அதைச் செய்யக்கூடாது. வீட்டில் இருக்கும் காய்ச்சல், வலி மாத்திரைகளையும் கொடுக்கக்கூடாது.

மற்ற வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் கணக்கும் வேதிப் பெயர்களும் வேண்டாம். பட அட்டைகளை மூன்று வட்டங்களில் அடுக்குவதே போதும். "பெரியவரைக் கேட்காமல் எந்த நாய்க்கும் எதுவும் ஊட்டமாட்டேன், தின்று கொண்டிருக்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் தொடமாட்டேன்" என்ற இரண்டு வரிகளைச் சொல்லிப் பழக்கலாம். அட்டைகளில் உள்ள பெயர்கள் எழுத்துப் பயிற்சிக்கும் உதவும்.

உயர்நிலை வகுப்புகளில் விழுக்காட்டுக் கணக்கை வேறு எடைகளுக்குச் செய்து வரைபடமாக்கலாம். இரத்தச் சிவப்பணு, சிறுநீரகத்தின் பணி, நொதி, மரபணு ஆகிய பாடங்களோடு இணைக்கலாம். வலைத்தளங்களில் ஒரே பழத்தைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருப்பதை எடுத்துக்கொண்டு, எதை எந்த அடிப்படையில் நம்புவது என்று விவாதிக்கலாம். தமிழ் வகுப்பில் பல்லாரி, உள்ளி, சீனிக்கிழங்கு, கைதச்சக்கை போன்ற வட்டாரச் சொற்களைத் தொகுத்து, மற்ற மாவட்டங்களில் என்ன பெயர் என்று ஒப்பிடலாம்.

மதிப்பீட்டுக்கு நான் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்புத்தாள் எழுதி வர வேண்டும்; அதை வீட்டில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் கேட்ட ஒரு கேள்வியையும் தாங்கள் சொன்ன பதிலையும் எழுதி வர வேண்டும். ஒரு தாளில் பாட்டி கேட்ட கேள்வி இப்படி இருந்தது: "அப்போ பாயசத்துல கெடக்குற கிஸ்மிஸ எல்லாம் யாரு பொறுக்கி எடுப்பா?" பேத்தி எழுதியிருந்த பதில்: "நாய்க்குப் பாயசமே வேண்டாம் பாட்டி. அரை மட்டிப்பழம் போதும்."